மழையிலே ஒரு வெந்நீர்த் தொட்டி

எங்கள் வீட்டுக் கொல்லையில் வெந்நீர்த் தொட்டி இருக்கிறது என்று ஊருக்குச் சொன்னால், தவலையும் விறகடுப்பும் என்றுதான் எல்லோரும் நினைத்துக் கொள்கிறார்கள். இது அதில்லை. அமெரிக்காவில் 'ஹாட் டப்' என்கிறார்கள். ஜக்கூஸி என்று சொன்னால் இன்னும் சிலருக்குப் புரியும். ஐந்து பேர் உட்காரலாம். கழுத்து வரை வெந்நீர். சுற்றிலும் உள்ள துவாரங்களிலிருந்து தண்ணீர் பீறிட்டு வந்து முதுகையும் முழங்காலையும் பிடித்து விடும். 1,500 லிட்டர் பிடிக்கிறது. ஆசைப்பட்டு வாங்கியதல்ல; சியாட்டிலுக்குப் பக்கத்தில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டோடு வந்த சீதனம்.

இத்தாலியிலிருந்து கலிபோர்னியாவுக்குக் குடியேறிய ஜக்கூஸி சகோதரர்கள் பம்ப் செய்து விற்றவர்கள். அவர்களில் காண்டிடோ என்பவருடைய பையனுக்குக் குழந்தையிலேயே மூட்டுவாதம். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் நீர்ச் சிகிச்சையை வீட்டிலேயே கொடுக்க வேண்டுமென்று, குளியல் தொட்டிக்குள் இறக்கி வைக்கிற மாதிரி ஒரு பம்ப் செய்தார். 1956-ல் அது விற்பனைக்கு வந்தது. பெற்ற பிள்ளைக்காகச் செய்த சாமான் என்று தெரிந்ததிலிருந்து எனக்கு இந்தத் தொட்டி மேல் தனி மரியாதை.

சியாட்டில் மழை நம்ம ஊர் மழை மாதிரி கொட்டித் தீர்த்துவிட்டுப் போகாது. வருஷக் கணக்குப் பார்த்தால் சென்னையில் பெய்வதைவிடக் குறைவுதான். ஆனால் வருஷத்தில் ஏறக்குறைய 150 நாள், பிசுபிசுவென்று தூறிக்கொண்டே இருக்கும். அக்டோபரில் ஆரம்பித்தால் மார்ச் தாண்டித்தான் ஓயும். இந்தக் குளிரிலும் தூற்றலிலும்தான் இந்த ஊர்க்காரர்கள் ஆசையாகத் தொட்டியில் இறங்குகிறார்கள். தலையில் சாரல், உடம்பெல்லாம் சூடு! என் மாமியார் திருநெல்வேலிக்காரர். முதல் தடவை உட்கார்ந்ததுமே, "குத்தாலத்துச் சாரல்ல வெந்நீர் விட்ட மாதிரில்லா இருக்கு!" என்றார். அவருக்கு இரண்டு முழங்காலும் வலி. அதனால் போன குளிர்காலம் முழுக்க, வாரத்தில் நாலு நாள் தொட்டிக்குக் காவல் என் வேலையானது.

காவல் என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். அத்தைக்கு ரத்தக் கொதிப்பும் உண்டு, மாத்திரை சாப்பிடுகிறார். டாக்டரைக் கேட்டபோது, "சூடு 100 டிகிரிக்கு மேல் வேண்டாம், பத்து நிமிஷம் போதும், தனியாக விடாதீர்கள்" என்றார். ஆரோக்கியமான பெரியவர்களுக்கே 104 டிகிரி பாரன்ஹீட்தான் உச்ச வரம்பு. வெந்நீரில் ரத்தக் குழாய்கள் விரிந்து கொள்ளும், ரத்த அழுத்தம் இறங்கும். சட்டென்று எழுந்தால் கிறுகிறுக்கும். மழை நாளில் இதில் ஒரு ஏமாற்று வேலை வேறு இருக்கிறது. முகத்தில் குளிர்ந்த தூற்றல் விழுவதால் உடம்பு எவ்வளவு சூடேறியிருக்கிறது என்று நமக்கே தெரியாது. "இன்னும் செத்த நேரம் இருக்கேன் தாயி" என்பார் அத்தை. நான் சமையலறை டைமரைக் கையோடு கொண்டு போய் வைத்துக்கொள்வேன். அது அடித்ததும் பேச்சே கிடையாது. முதலில் படியில் உட்கார வேண்டும், ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும், அப்புறம்தான் கைப்பிடியைப் பிடித்து எழுந்திருக்க வேண்டும்.

வெளியே வருகிற பாதைதான் எனக்குப் பெரிய பயம். இங்கே மரத்தளமெல்லாம் மழையில் பாசி பிடித்துச் சோப்புப் போட்ட மாதிரி வழுக்கும். மாசத்துக்கு ஒரு தடவை கட்டைப் பிரஷ் போட்டுத் தேய்க்கிறோம். தொட்டியிலிருந்து கதவு வரை சொரசொரப்பான ரப்பர் பாய். அடிப்பாகம் பிடிமானமுள்ள செருப்பு. இருட்டு நாலரை மணிக்கே வந்துவிடுவதால் பாதையில் விளக்கு. துண்டை மூடி போட்ட பெட்டியில் வைக்காவிட்டால் அதுவும் நனைந்து, பிழிந்து துடைக்கும்படி ஆகும்.

கரண்ட் விஷயத்தில் என் வீட்டுக்காரர் கெடுபிடி. 240 வோல்ட் ஓடுகிற சாமான், மழையில் நிற்கிறது. மின்கசிவு வந்தால் கண்ணிமைக்கிற நேரத்தில் துண்டித்து விடும் பிரேக்கர் இதற்குக் கட்டாயம். அணைக்கிற ஸ்விட்ச் பெட்டி தொட்டியிலிருந்து குறைந்தது 5 அடி தள்ளி, கண்ணில் படுகிற இடத்தில் இருக்க வேண்டும் என்பது இங்கே விதி. அதிலே 'டெஸ்ட்' பட்டன் இருக்கும். அழுத்தினால் கரண்ட் போக வேண்டும். மாசம் ஒருமுறை அழுத்திப் பார்க்கிறோம். நம்ம ஊரில் கீசர் வைத்திருக்கும் சகோதரிகளே, உங்கள் வீட்டு மெயின் பெட்டியிலும் இப்படி ஒன்று இருக்கிறதா என்று இன்றைக்கே எலெக்ட்ரீஷியனைக் கேளுங்கள். தொட்டிப் பக்கம் எக்ஸ்டென்ஷன் வயர், பாட்டுப் பெட்டி, சார்ஜரில் செருகிய போன் எதுவும் வரக்கூடாது.

சியாட்டிலில் இடி அபூர்வம். ஆனால் இடித்தால் உடனே வெளியே வந்து வீட்டுக்குள் போய்விட வேண்டும். கடைசி இடிச் சத்தத்துக்குப் பிறகு 30 நிமிஷம் கழித்துத்தான் மறுபடி. "எங்கேயோ தூரத்துலதாம்மா இடிக்குது" என்று என் பிள்ளை வாதம் பண்ணுவான். சத்தம் காதில் விழுகிற தூரத்தில் இருந்தால் மின்னலும் எட்டுகிற தூரம்தானே!

இனித் தண்ணீர். மழைத்தண்ணீர் லேசாகப் புளிப்புத் தன்மை உள்ளது. திறந்து கிடக்கும் தொட்டியில் விழ விழ மருந்தின் காரம் குறையும். அதனால் ஒவ்வொரு மழைக் குளியலுக்குப் பிறகும் சோதனைச் சீட்டை முக்கி நிறம் பார்ப்பேன். பி.எச். 7.2-க்கும் 7.8-க்கும் நடுவே, குளோரின் 3 பி.பி.எம்.முக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இது அலட்சியம் பண்ணுகிற சமாசாரமில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும். ஆவியும் துளியுமாக மூச்சில் போய் நுரையீரலைத் தாக்கும். 1999-ல் நெதர்லாந்தில் ஒரு மலர்க் கண்காட்சியில் பார்வைக்கு வைத்திருந்த இந்த மாதிரித் தொட்டியிலிருந்து பரவி, 30 பேருக்கு மேல் இறந்தார்கள். தொட்டியில் இறங்கக்கூட இல்லை, பக்கத்தில் நடந்து போனவர்கள்!

எண்ணெய் தேய்த்துக்கொண்டு இதில் இறங்கவே கூடாது. தீபாவளிக்கு அத்தை நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு கொல்லைக் கதவைத் திறந்தபோது பாய்ந்து போய்த் தடுத்தேன். எண்ணெய் ஃபில்டரை அடைத்து, மருந்தையும் வேலை செய்ய விடாது. சீயக்காய் போட்டு உள்ளே குளித்துவிட்டு, சாயங்காலம்தான் தொட்டி.

டிசம்பரில் என் அக்கா மகள் கலிபோர்னியாவிலிருந்து வந்தாள். கல்யாணமாகி மூன்று வருஷத்துக்குப் பிறகு உண்டாகியிருந்தாள், இரண்டாம் மாசம். இடுப்பு வலிக்கிறது என்று, "சித்தி, பத்தே நிமிஷம்" என்றாள். நான் மூடியைத் திறக்கவில்லை.

"நம்ம ஊர்ல வெந்நீர்ல குளிக்கறதில்லையா சித்தி?"

"அது மொண்டு ஊத்திக்கிறதுடி. ஊத்தின சூடு உடனே ஆறிடும். இதுல கழுத்து மட்டும் முங்கி உட்கார்ந்தா வேர்வை ஆறி உடம்பு குளிரவே வழியில்லை."

தாயின் உடம்பு உட்சூடு 102 டிகிரியைத் தாண்டுவது, முக்கியமாக முதல் மூன்று மாசத்தில், ஆகாது. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகிற சமயம் அது. கரு தரித்த முதல் நாலு வாரத்திலேயே அந்த வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். பல பெண்களுக்குத் தான் உண்டாகியிருப்பதே அதுவரை தெரியாது. ஆகவே பிள்ளைக்கு ஆசைப்பட்டுக் காத்திருப்பவர்களும் ஒதுங்கியிருப்பதே நல்லது. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளுடைய டாக்டரே போனில் அதைச் சொன்னதும் சரியானாள். இடுப்புக்கு வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டு வைத்து விட்டேன். அதுவே இதமாக இருக்கிறது என்றாள்.

ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளை இதில் இறக்கக்கூடாது. அவர்கள் உடம்பு சீக்கிரம் சூடேறி விடும். பெரிய குழந்தைகளானாலும் தலைமுடியைக் கொண்டையாக முடிந்துவிட வேண்டும். தண்ணீரை இழுக்கும் துவாரத்தின் மூடி உடைந்திருந்தால் யாரும் இறங்கக்கூடாது. 2002-ல் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அந்த இழுப்பில் மாட்டிக்கொண்டு மூழ்கி இறந்தாள். முன்னாள் அமெரிக்க அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி அவள். 2007-ல் அவள் பெயரிலேயே ஒரு பாதுகாப்புச் சட்டம் வந்தது.

தொட்டியின் மேல்மூடி மழையில் ஊறினால் கனத்துப் போகும். ஒருவராகத் தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும். எங்கள் மூடியை இரண்டு பேராகத்தான் தூக்குகிறோம். மூடியதும் நாலு பக்கமும் பூட்டு. சாவி சமையலறையில், மிளகாய்த்தூள் டப்பா வைக்கிற மேல் தட்டில்.