கேப்பர் மலை: கடலூரின் செம்மண் மேடு

கடற்கரை ஊரில் மலையா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். இருக்கிறது. திருப்பாதிரிப்புலியூரைத் தாண்டி வண்டிப்பாளையம் பக்கம் போனால் ரோடு மேடேறத் தொடங்கும். அதுதான் கேப்பர் மலை. ஆங்கிலேய ராணுவ அதிகாரி ஒருவரின் பெயர் ஒட்டிக்கொண்ட செம்மண் மேடு. உயரம் பெரிதில்லை, வண்டல் வயலிலேயே பழகிய கண்ணுக்கு அது மலைதான்.

பாறையேற்றத்தில் ஆசை கொண்ட இளைஞர்கள் நம் பக்கமும் பெருகிவருகிறார்கள். தாய்லாந்தின் கிராபி என்பார்கள், மலேசியாவின் பத்துமலை என்பார்கள். முருகன் குடியிருக்கும் அந்தச் சுண்ணாம்புக் குன்றின் வேறு பக்கங்களில் கயிறு கட்டி ஏறுகிறார்கள். மழைநீர் சுண்ணாம்பைக் கரைத்துக் குழியும் விளிம்புமாக்குகிறது. விரல் பிடிக்க இடம் கிடைக்கிறது. மிஞ்சிய பாறையோ ஆணியைத் தாங்கும் உறுதியோடு நிற்கிறது.

கேப்பர் மலையில் அப்படி ஏறுவது நடக்காது. இங்கே இருப்பது புவியியல் நூல்களில் நம் ஊர்ப் பெயரையே தாங்கிய கடலூர் மணற்கல். மழை அரித்த ஓடைக்குள் இறங்கிப் பாருங்கள். மேலே இரும்பு இறுகிய துரு நிறச் சரளை. அதன் கீழே வெள்ளையும் இளஞ்சிவப்புமாக மணலும் களியும். கட்டைவிரலால் அழுத்தினால் உதிர்கிறது. ஆளின் எடை விழுந்தால் கரையே சரியும். இங்கே ஏறக் கூடாது, நடக்க வேண்டும்.

தெற்கே சிதம்பரத்தில் இந்த மேடுகூடக் கிடையாது. வெள்ளாறும் கொள்ளிடமும் கொட்டிய வண்டல்தான் எங்கும். அந்த மண்ணில் ஏறத்தாழ 40 மீட்டர் உயரத்துக்குக் கோயில் கோபுரம் எழுப்பி, அதன் வாசலில் 108 நடனக் கரணங்களையும் செதுக்கியவர்கள் கல்லை வெளியிலிருந்துதான் கொண்டுவந்திருக்க வேண்டும். அந்த உழைப்பை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

கேப்பர் மலையின் கல் கட்டடத்துக்கு ஆகாது. அதன் அருமை வேறு: மழையை உள்ளே வாங்கி வைத்துக்கொள்கிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீர் இந்த மணற்கல் படுகையைச் சேர்ந்தது. அதை ஓயாமல் இறைத்தால்தான் சுரங்கம் நடக்கும். பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் வேர்விட்டிருப்பதும் இதே செம்மண்ணில்தான். திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மரங்களும் இந்த மணற்கல் தந்தவையே.

கதைகளுக்கும் குறைவில்லை. கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் கரையேறியதாகச் சொல்லும் கரையேறவிட்டகுப்பம் மலையடிவாரத்தை ஒட்டியது. 1783 ஜூன் 13 அன்று இந்த மேடுகளைப் பிடிக்க ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதியதில் ஆங்கிலேயர் தரப்பில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டும் காயமுற்றும் விழுந்தார்கள். சில நாளில் ஐரோப்பாவிலிருந்து சமாதானச் செய்தி வந்து சேர்ந்தது. அத்தனை உயிரும் வீண். மலைமீது இருக்கும் மத்திய சிறையின் பெயரைச் சொன்னாலே பாரதி நினைவுக்கு வருவார். 1918 நவம்பர் 20-ல் கைதாகி, டிசம்பர் 14 வரை கடலூர்ச் சிறையில் இருந்தார்.

இந்த மேட்டின் செம்மண்ணுக்கு எப்போதும் கிராக்கி. வெட்டிய இடத்தில் மழை அரிப்பு இன்னும் ஆழமாகும். சரிந்த மண் மறுபடி மேடாகாது. கடலூர்க்காரர்களே, மனைக்கு மண் அடிக்கும்போது லாரி எங்கிருந்து வருகிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.