பிளாட் வாங்கிப் போடப் போறீங்களா?

எங்க ஜெயமங்கலத்துல வாழை வித்த காசு கைக்கு வந்தா, அடுத்த பேச்சு "ஒரு பிளாட் வாங்கிப் போடு" என்பதுதான். சித்தப்பாவும் 2014-ல் அப்படி வாங்கினார். ஊராட்சி முத்திரை இருந்தது, கல் ஊன்றியாச்சு, பத்திரமும் பதிஞ்சாச்சு. அப்புறம் என்ன பயம்?

2016 செப்டம்பர் 9-ல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியத் தடை போட்டது. அடுத்த தை மாசம் அக்கா கல்யாணம். பிளாட்டை விற்க வழியில்லை. சித்தியின் வளையல்கள் அடகுக்குப் போயின. மனை வரன்முறை விதிகள் வந்ததே 2017 மே மாசம்தான்.

பி.காம் வகுப்பில் 'லிக்விடிட்டி' நடத்தியபோது எனக்குச் சித்தியின் வெறுங்கைதான் ஞாபகம் வந்தது.

அதனால் நண்பர்களே, விலை பேசும் முன்னால் டிடிசிபி அங்கீகார எண்ணைக் கேளுங்க. புது லேஅவுட் என்றால் ரெரா பதிவு எண்ணும் கேளுங்க. முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்க. விற்கிறவர் பெயரில் பட்டா இருக்கான்னும் பாருங்க. இடம் விலை ஏறுமான்னு எல்லோரும் கேட்கிறோம். அவசரத்துக்கு விற்க முடியுமான்னு யாரும் கேட்பதில்லை.

உங்க வீட்டிலும் இப்படி ஒரு பிளாட் கதை இருக்கா? சொல்லுங்க!