சேம அச்சு

மார்ச் 8 வந்தால் எங்கள் கல்லூரி மேடையில் ஒருவராவது பெண்ணைக் ‘குடும்பத்தின் அச்சாணி’ என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவார். தமிழ்த்துறை என்பதால் அதற்குக் குறள் கேட்டு என்னிடமும் வருவார்கள். வள்ளுவர் அச்சாணியைச் சொன்னது வினைத்திட்பம் அதிகாரத்தில். உருவம் சிறிது என்று யாரையும் இகழாதே என்பதற்கான உவமை அது, மனைவியைப் பற்றியதல்ல. இதை விளக்கி முடிப்பதற்குள் விருந்தினருக்குச் சால்வை போர்த்தி முடித்திருப்பார்கள்.

இன்னொரு மறுப்பும் என்னிடம் உண்டு. என் வண்டியின் பின்சக்கரத்தைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்பிளிட் பின் நசுங்கிக் கையோடு வருகிறது. திரும்ப மாட்டும்போது புதியதைத்தான் போட வேண்டும். வளைத்து நிமிர்த்திய பழையது மறுபடி வளைத்தால் ஒடிந்துவிடும். சில ரூபாய்ச் சாமான். தேரின் அச்சாணி செய்த வேலையை இன்று அச்சு நட்டும் இந்தப் பின்னும் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. நம்மை எதோடு ஒப்பிடுகிறார்கள் என்று பேச்சாளர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கலாம்.

வண்டி, பழைய ஸ்பிளெண்டர். ஆம்பூரிலிருந்து வேலூர்ப் பக்கமுள்ள கல்லூரிக்கு நெடுஞ்சாலையில் தினமும் போய்வருகிறேன். தோல் ஏற்றிய லாரிக்கும் ஷூ கம்பெனிப் பேருந்துக்கும் நடுவே போகும்போது பின்சக்கரம் கொஞ்சம் ஆடினாலும் முதுகெலும்புக்குத் தெரிந்துவிடும். அதனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வாசலிலேயே பிரித்துப் பார்த்துவிடுவது வழக்கம்.

நடு ஸ்டாண்டு போட்டால் சக்கரம் தரையைத் தொடாமல் நிற்கும். பிரேக் ராடின் முனையிலுள்ள நட்டைக் கழற்றி, ராடை உருவி, ஸ்பிரிங்கை ஒரு டப்பாவில் போட வேண்டும். அடுத்து, பிரேக் பிளேட்டைச் சுழலவிடாமல் பிடித்திருக்கும் இரும்புப் பட்டை. அதன் போல்ட்டில்தான் அந்த ஸ்பிளிட் பின். பிறகு அச்சு நட்டு. இதற்கு ஆம்பளைக் கை வேண்டும் என்பார்கள். ஸ்பேனரின் பிடியில் ஒன்றரை அடி இரும்புக் குழாயைச் செருகினால் என் கையே போதுமானதாக இருக்கிறது. அச்சை உருவியதும் வலப்பக்கம் ஒரு காலர் கீழே விழும். அது எந்தப் பக்கத்தில் இருந்தது என்று கவனித்து வைக்க வேண்டும். சக்கரத்தை வலப்பக்கமாக இழுத்தால் தனியே வந்துவிடும். பல்சக்கரமும் செயினும் வண்டியிலேயே தொங்கும்.

உள்ளே நான்கு ரப்பர் கட்டைகள். அவை தேய்ந்தால் கியர் மாற்றும்போது வண்டி வெட்டி வெட்டி இழுக்கும். பேரிங்கில் விரலை விட்டு மெதுவாகச் சுற்றுவேன். மணல் அரைவதுபோல் நெருடினால் மாற்ற வேண்டியதுதான். அச்சிலுள்ள துருவைத் தேய்த்துத் துடைத்துவிட்டு மெல்லிசாக கிரீஸ். டிரம்முக்குள் சேர்ந்த கறுப்புத் தூசியை வாயால் ஊதக் கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கிறது. ஈரத்துணியால் துடைப்பதே நல்லது. மாட்டும்போது செயின் அட்ஜஸ்டரின் கோடுகள் இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் நிற்க வேண்டும். செயினின் தொய்வு நடுவில் ஏறக்குறைய ஓர் அங்குலம். சக்கரத்தைச் சுற்றி நாலைந்து இடத்திலாவது பார்ப்பேன், செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை.

தெருவில் போகிற ஆண்கள் நிற்பார்கள். “வீட்ல ஆம்பள ஆளு இல்லியா மேடம்?” நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். ஆனால் உதவிக்கு வருகிறவர் முதலில் கேட்பது ஸ்பேனரை. சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டு வந்தவள் எதிர்வீட்டுப் பெண் ஒருத்திதான். ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறாள். டிரம்மைத் திறந்து பிரேக் ஷூவை எடுத்துக் காட்டியபோது சிரித்துவிட்டாள்: “இன்னாக்கா, இதுக்கும் ஷூன்னுதான் பேரா?”

அவள் சொன்ன ஒன்று எனக்கு மறக்கவில்லை. “எங்க கம்பெனில மெஷின் நின்னா கையத் தூக்கணும்க்கா. மெக்கானிக் வர்ற வரைக்கும் தொடக் கூடாது. டார்கெட் மட்டும் நிக்காது.” எந்த ஊசிக்கு எந்த நூல் என்பதும், தோல் எந்த இடத்தில் மெலிந்திருக்கிறது என்பதும் அவளுடைய விரலுக்குத் தெரியும். பன்னிரண்டு வருட வேலை. மெஷினின் மூடியைத் திறக்கும் உரிமை மட்டும் வேறு ஆளுக்கு.

பின்சக்கரத்துக்கும் பெண்ணுக்கும் சட்டப்படி ஓர் உறவு ஏற்கெனவே இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி, பின்னால் ஆள் உட்காரும் மோட்டார் சைக்கிளுக்குக் கைப்பிடியும் கால்மிதியும் வேண்டும் என்கிறது. பின்னால் உட்கார்ந்தவரின் உடை சக்கரத்தில் சிக்காதபடி சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பும் வேண்டும் என்கிறது. விதியில் பெண் என்ற சொல்லே இல்லை. கடையில் அதற்குப் பெயர் சாரி கார்டு. தேவையான விதிதான், கேலி செய்ய மாட்டேன். 1927 செப்டம்பரில் பிரான்சின் நீஸ் நகரில் நடனக் கலைஞர் இசடோரா டங்கனின் கழுத்துத் துணி காரின் பின்சக்கரத்தில் சுற்றித்தான் அவர் இறந்தார். துப்பட்டாவின் நுனியையும் புர்காவின் ஓரத்தையும் மடியில் சுருட்டிக்கொண்டு உட்காரும் பெண்களை ஆம்பூர்க் கடைத்தெருவில் எந்த நேரமும் பார்க்கலாம். ஆனால் அந்த விதிக்குத் தெரிந்த பெண் பின்னால் உட்கார்ந்திருப்பவள் மட்டுமே. சக்கரம் அவளுக்கு ஆபத்து, அவ்வளவுதான்.

புறநானூற்றின் 102ஆவது பாட்டில் ஔவையார் வண்டியைப் பார்த்த விதம் வேறு. இளம் எருது, பாரம் ஏற்றிய வண்டி, போகிற வழியில் பள்ளமும் மேடும். என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும் என்று உப்பு வணிகர்கள் வண்டியின் அடியில் இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். அதன் பெயர் சேம அச்சு. அதியமான் மகன் பொகுட்டெழினியை அதற்கு ஒப்பிடுகிறார். அவர்களுடைய தகடூர்தான் இன்றைய தர்மபுரி. எங்களுக்குத் திருப்பத்தூர் தாண்டினால் வந்துவிடும். வகுப்பில் உவமையைச் சொல்லிவிட்டு அரசனுக்குத் தாவிவிடுவது வழக்கம். நான் வண்டியின் அடியிலேயே கொஞ்ச நேரம் நிற்பேன். குனிந்து பார்க்காத ஒருத்திக்கு அங்கே அச்சு கட்டியிருப்பது தெரிந்திருக்காது. பழைய பஜாஜ் சேதக்கில் ஒரு ஸ்டெப்னி இருந்ததே, அதுவரைக்கும் அந்த உப்பு வணிகர் புத்தி நம்மிடம் இருந்தது.

எதிர்வீட்டுப் பெண்ணிடம் ஸ்கூட்டர் இருக்கிறது. 2018 பிப்ரவரியில் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில் வாங்கியது. விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம். 125 சிசிக்குள், கியர் மாற்றத் தேவையில்லாத வண்டியாக இருக்க வேண்டியிருந்தது. அந்த மானியத்தால் வேலைக்குப் போய்வரும் பெண்கள் பலருக்குச் சொந்த வண்டி கிடைத்தது, சின்ன விஷயமல்ல. பராமரிப்பை யாரும் சொல்லித் தரவில்லை. அவளுடைய ஸ்கூட்டரில் பின்சக்கரத்தைக் கழற்ற முதலில் சைலன்சரை இறக்க வேண்டும். சக்கரத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறது.

போன மாதம் அவளே கேட்டாள்: “என் வண்டியயும் பிரிச்சுடலாமாக்கா?”

இரண்டு ஞாயிறு ஆகிவிட்டது. சைலன்சர் போல்ட் துருவில் இறுகிக் கிடக்கிறது. நேற்று ராத்திரி மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்திருக்கிறோம். குழாய் என்னுடையது, ஸ்பேனர் அவள் வாங்கியது.