தாத்தாவின் எஞ்சினுக்கு ஒரு நம்பர்

பி.காம். படித்தவனிடம் எந்தப் பொருளைக் காட்டினாலும் முதலில் தேய்மானம்தான் கண்ணில் படும். வாங்கின விலை என்ன, எத்தனை வருஷம் ஆச்சு, வருஷத்துக்கு எத்தனை சதவீதம் கழிக்கணும்... கல்யாண வீட்டில் வெள்ளிக் குத்துவிளக்கைப் பார்த்தால்கூடக் கை தானாகக் கால்குலேட்டரைத் தேடும். இந்த வியாதி உள்ளவனிடம் 1966-ம் வருஷத்துப் பொம்மை ரயில் எஞ்சினைக் கொடுத்து விலை கேட்டால் என்ன சொல்வான்? 'கணக்குப்படி பூஜ்யம், சார்!'

அந்தப் பூஜ்யத்துக்குள் ஒருவர் 25 பவுண்டுக்கு மேல் செலவு பண்ணி ஒரு சிப் வைத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். சொல்கிறேன், கேளுங்கள்.

இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தில் என் அக்கா குடித்தனம். போன வருஷம் ஒரு மாசம் அங்கே தங்கியிருந்தேன். எதிர்வீட்டுப் பெரியவருக்கு எழுபது தாண்டிவிட்டது. அத்தானுக்குச் சிநேகிதம். "வாடா, ரயில் காட்டறேன்" என்று என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். "பொம்மை ரயில் பார்க்கவா இவ்வளவு செலவு பண்ணி பிளேன் ஏறி வந்தே?" என்று அக்கா வாசல்வரை வந்து கேட்டாள்.

மேஜைமேல் ஒரு பழைய டவல். டவல்மேல் ஒரு சாண்கூட இல்லாத கறுப்பு எஞ்சின். ட்ரை-ஆங் ஹார்ன்பி தயாரிப்பு. யார்டில் பெட்டிகளை இப்படியும் அப்படியும் தள்ளும் 'ஜின்ட்டி' என்ற குட்டி நீராவி எஞ்சினின் மாதிரி. நிஜ எஞ்சினில் 76 அங்குலம் என்றால் இதில் ஒரு அங்குலம். 1901-ல் மெக்கானோவுக்குப் பேடன்ட் வாங்கினாரே லிவர்பூல்காரர் ஃபிராங்க் ஹார்ன்பி, அவர் 1920-ல் ஆரம்பித்த ரயில் வம்சம்தான் இது. 1960-களில் கம்பெனி கைமாறி ட்ரை-ஆங்கோடு சேர்ந்துகொண்டது.

"1966 கிறிஸ்துமஸுக்கு அப்பா வாங்கித் தந்தது. அப்போ எனக்குப் பன்னிரண்டு வயசு" என்றார் பெரியவர். அப்பாவுடையது என்று சொல்ல அவரிடம் மிச்சம் இருப்பது ஒரு கைக்கடிகாரமும் இந்த எஞ்சினும்தான்.

இப்போது பன்னிரண்டு வயசு அவருடைய பேத்திக்கு. மாடி அறையில் அவளுக்கென்று ஒரு ரயில் பாதை. முழுக்க டிஜிட்டல். "தாத்தா, உங்க எஞ்சினை என் பாதையில விடுங்களேன்" என்று கேட்டிருக்கிறாள். அங்கேதான் வந்தது வினை.

பழைய முறை சுலபம். தண்டவாளத்தில் 12 வோல்ட் வரை மின்சாரம். குமிழைத் திருகினால் வேகம் கூடும். ப்ளஸ் மைனஸை மாற்றினால் ரிவர்ஸ். ஆனால் ஒரே பாதையில் இரண்டு எஞ்சினை வைத்தால் இரண்டும் சேர்ந்துதான் ஓடும்.

டிஜிட்டல் முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். அதிலேயே கட்டளையும் போகும். கல்யாண மண்டபத்தில் மைக்கில் சொல்வார்களே, "வாசலில் வெள்ளை அம்பாசிடரை நிறுத்தியிருப்பவர் உடனே வரவும்" என்று? எல்லோர் காதிலும் விழும். ஓடுவது ஒருத்தர்தான். அதேமாதிரி ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு நம்பர். உள்ளே இருக்கும் டீகோடர் என்ற சிப், தன் நம்பரைக் கூப்பிட்டால் மட்டும் வேலை செய்யும். ஜெர்மனியின் பெர்ன்ட் லென்ஸ் உருவாக்கிய இந்த முறையை வைத்து, அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கம் 1990-களில் தரவிதிகள் போட்டது.

அந்தப் பாதையில் மின்சாரத்தின் திசை ஒரு விநாடியில் ஆயிரக்கணக்கான தடவை மாறிக்கொண்டே இருக்கும். சிப் இல்லாத பழைய மோட்டாரை அதில் நிறுத்தினால், மாமியார் ஒன்று சொல்ல அம்மா ஒன்று சொல்ல நடுவில் நிற்கும் புது மாப்பிள்ளைமாதிரி நின்ற இடத்திலேயே முனகும், சூடேறும், கடைசியில் கருகும்.

"அப்போ சிப்பை வச்சிட வேண்டியதுதானே?" என்றேன்.

பெரியவர் சிரித்தார். "ஓடாத எஞ்சினில் சிப் வச்சா, ஓடாத டிஜிட்டல் எஞ்சின் கிடைக்கும். முதல்ல பரீட்சை."

முதல் பரீட்சை, பழைய டிரான்ஸ்ஃபார்மரில் ஓட்டிப் பார்ப்பது. நடுவில் ஒரு அம்மீட்டர். எஞ்சின் நொண்டி நொண்டி ஓடியது. மீட்டர் 0.7 ஆம்பியர் காட்டியது. பத்து நிமிஷத்தில் மோட்டாரில் கை வைக்க முடியவில்லை. அரை நூற்றாண்டு எண்ணெய் உள்ளே பிசினாகியிருந்தது. காந்தமும் வலு இழந்திருந்தது. காந்தம் இளைத்தால் அதே வேலைக்கு மோட்டார் அதிக மின்சாரம் குடிக்கும்.

"புது மோட்டார் போட்டுடலாமே?" என்றார் அத்தான்.

பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. "போடலாம். ஆனா அப்புறம் அது எங்கப்பா வாங்கின எஞ்சின் இல்லே. சரிவரலேன்னா பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்" என்றார்.

பழைய பிசினைத் துடைத்து எடுத்தார். கம்யூட்டேட்டரை ஆல்கஹால் தொட்டுத் துடைத்தார். அதன் இடுக்குகளில் இருந்த கரியைப் பல் குத்தும் குச்சியால் நோண்டினார். ஞாயிற்றுக்கிழமை ரயில் கிளப்புக்குப் போனார். அங்கே காந்தம் ஏற்றும் கருவி இருக்கிறது. மோட்டாரைப் பிரிக்காமலே ஏற்றிக்கொண்டு வந்தார். மறுபடி ஓட்டினால் 0.4!

இரண்டாவது பரீட்சைதான் நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வைத்தது. முழு 12 வோல்ட் கொடுத்து, மோட்டாரைச் சுற்றவிடாமல் விரலால் ஒரு விநாடி பிடிக்க வேண்டும். ரயில் எங்காவது முட்டி நின்றுவிட்டால் மோட்டார் எவ்வளவு இழுக்கும் என்று அப்போதுதான் தெரியும். அது சிப்பின் தாங்கும் சக்திக்கு மேலே போனால் சிப் காலி. அதிக நேரம் பிடித்தால் மோட்டாரே காலி. "நீங்க கணக்கு படிச்சவர். மீட்டரை நீங்க பாருங்க" என்றார். பிடித்தார். அவர் விரல் லேசாக நடுங்கியது. "பாயிண்ட் ஒன்பது!" என்று கத்தினேன். சிப் தாங்குவது ஒரு ஆம்பியர். பாஸ்!

அடுத்தது பாகப்பிரிவினை. பழைய எஞ்சின்களில் ஒரு பக்கத்துச் சக்கரங்களிலிருந்து வரும் மின்சாரம் உலோக ஃபிரேம் வழியாகவே மோட்டாருக்குப் போகும். டிஜிட்டலில் தண்டவாளத்துக்கும் மோட்டாருக்கும் நேரடிச் சம்பந்தமே கூடாது. எல்லாப் பேச்சும் சிப் மூலமாகத்தான். நேராகத் தொட்டுக்கொண்டால் சிப்பிலிருந்து புகை வரும். இந்த மோட்டாரில் கார்பன் பிரஷ்களை அழுத்தும் ஸ்ப்ரிங்கின் ஒரு காலில் மட்டும் காப்புக் குழாய் இருந்தது. மற்ற காலிலும் ஒரு துண்டு மாட்டினார், அவ்வளவுதான். எதையும் அறுக்கவில்லை. நாளைக்கே வேண்டாமென்றால் உருவிப் போட்டுவிடலாம்.

மீட்டரை வைத்து பிரஷ்ஷுக்கும் ஃபிரேமுக்கும் தொடர்பு இல்லை என்று மூன்று தடவை பார்த்த பிறகுதான் சிப் உள்ளே போனது. சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. ஜாதகம் மாறினால் சர்வநாசம்.

வீடு திரும்பும்போது அத்தான் கேட்டார். "சந்தையில இதேமாதிரி எஞ்சின் இன்னொன்னு சிப் விலைக்கும் கம்மியா கிடைக்குதே. இது லாபமா, நஷ்டமாடா?"

வரவு செலவு தெரிந்த எவனும் இதற்குப் பதில் சொல்லலாம். ரிப்பேருக்குப் பண்ணினால் அது வருஷச் செலவு, எழுதிவிட்டு மறக்கலாம். பழைய சொத்தால் முன்பு முடியாத ஒரு வேலையை முடியவைத்தால், அது மூலதனம். சொத்தின் மதிப்போடு கூட்ட வேண்டும். பூஜ்யமாக இருந்த சொத்துக்கு அறுபது வருஷம் கழித்து மறுபடி ஒரு மதிப்பு! அத்தானுக்கு விளங்கியதோ என்னவோ, தலையை ஆட்டினார்.

மறுநாள் பேத்தி வந்தாள். எந்தப் புது சிப்புக்கும் பிறவி நம்பர் பெரும்பாலும் 3. அவள் அதை 66 என்று மாற்றினாள். பாதையில் வைத்து 66-ஐக் கூப்பிட்டாள். ஜின்ட்டி மெதுவாக, நொண்டாமல் கிளம்பியது. பழைய சக்கரத்தின் விளிம்பு பெரிசு. அதனால் பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் 'டக்' என்று ஒரு குதி. "சக்கரத்தைத் தேய்ச்சு விடட்டுமா தாத்தா?" என்றாள். "வேண்டாம், வயசானா அப்படித்தான்" என்றார்.

பிறகு அவரிடம் ஒரு கன்ட்ரோலரைக் கொடுத்துவிட்டு, தன்னுடைய டீசல் எஞ்சினை அதே பாதையில் இறக்கினாள். பெரியவர் என் பக்கம் திரும்பினார். "எங்ககிட்டே ஒரே குமிழ்தான். நான் ஓட்டினா அப்பா வேடிக்கை பார்ப்பார். அப்பா ஓட்டினா நான். சேர்ந்து ஓட்டினதே இல்லே."

டிஜிட்டலில் ஒரு தொல்லை உண்டு. முன்னால் போகிறவன் மெதுவாகப் போனால் பின்னால் வருகிறவனைத் தடுக்க யாரும் இல்லை, டிரைவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜின்ட்டி 'டக் டக்' என்று தன் போக்கில் போனது. பின்னால் எக்ஸ்பிரஸ் வேகத்தில் வந்த டீசல் நெருங்கியது. பேத்தி ஒரு தடவை தாத்தாவை நிமிர்ந்து பார்த்தாள். குமிழைக் குறைத்தாள்.