அட்டையில் இருந்த அத்தை

பாளையங்கோட்டையில் நான் பள்ளிக்குச் செல்லும் வழியில் ஒரு பெட்டிக்கடை இருந்தது. வார இதழ்களையும் மாத நாவல்களையும் கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டிருப்பார்கள். காசில்லாதவனும் படிக்கக்கூடிய ஒரே பக்கம் அட்டைதான். 1990-ஐ ஒட்டிய ஒரு வாரம், வெளிவரவிருந்த ஒரு பேய்ப்படத்துக்காக ஒரு சினிமா இதழின் அட்டை முழுவதையும் ஒரு பெண் முகம் நிறைத்திருந்தது. விரிந்த கூந்தல், மோவாய்க்குக் கீழிருந்து எழும் பச்சை வெளிச்சம், நேராக என்னையே பார்க்கும் கண்கள்.

அன்றிரவு மின்சாரம் இல்லை. தலைக்குக் குளித்திருந்த அத்தை, கூந்தலை விரித்துப் போட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள். தரையில் அரிக்கேன் விளக்கு. நான் அலறினேன். "எய்யா, அத்தைதான்ல" என்றாள். மனநலம் குன்றிப் புகுந்த வீட்டிலிருந்து திரும்பி வந்தவள் அவள். ஊரார் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். ஊர் சொன்னதை அதுவரை நம்பாத நான், அட்டையை நம்பினேன். அதன்பின் அவள் கையால் சோறு வாங்கி உண்ணவில்லை.

சூரியனும் விளக்கும் மேலிருந்தே ஒளி தருவதால் நிழல் கீழ்நோக்கி விழும் முகங்களுக்கே நம் கண் பழகியிருக்கிறது. நிழலைத் தலைகீழாக்கினால் தெரிந்த முகமும் அந்நியமாகிவிடும். அட்டை வடிவமைப்பாளர்கள் அறிந்த எளிய சூத்திரம் இது. 1958-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ் ஆஃப் ஃபிலிம்லேண்ட்' இதழுக்கு பேஸில் கோகோஸ் வரைந்த அட்டைகள் புகழ்பெற்றவை. கறுப்பு வெள்ளைப் படங்களின் அரக்கர்களுக்கு அவர் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக ஒளியூட்டினார். அங்கே அட்டையில் இருந்தது பெரும்பாலும் ஒப்பனை பூண்ட அரக்கன். படம் முடிந்தால் அவனும் போய்விடுவான். இங்கே இருப்பவள் பெரும்பாலும் கூந்தல் அவிழ்ந்த பெண். அவள் அடுத்த தெருவிலும் இருக்கிறாள், நம் வீட்டிலும் இருக்கிறாள்.

2005-இல் வெளியான 'சந்திரமுகி' அவளுக்கு வந்திருப்பது நோய் என்று சொல்லித்தான் முடிகிறது. ஆனால் விளம்பரத்துக்குத் தேவைப்பட்டது அந்த முடிவன்று, விரிந்த கண்கள்தாம். கதையின் மிக அச்சமூட்டும் கணத்தை மட்டும் வெட்டியெடுத்து, படமே பார்க்காதவர்கள் முன்பும் ஒரு வாரம் தொங்கவிடுவதுதான் அட்டையின் வேலை. விளக்கம் திரையரங்குக்குள் இருக்கிறது. அச்சமோ தெருவில் இலவசமாகக் கிடைக்கிறது.

ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் வழக்குரை காதை நடத்துகிறேன். விரிந்த கூந்தலோடு வந்து நிற்கும் கண்ணகியைக் கண்டு வாயிற்காவலன் நடுங்குகிறான். கொற்றவை, காளி என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லி, அவர்களும் அல்லள் என்கிறான். கடைசியில், கணவனை இழந்தவள் என்று மன்னனிடம் சொல்லிவிடுகிறான். அச்சத்திலும் அவன் வாக்கியத்தை முடித்தான். அட்டை பாதியில் நிறுத்திவிடுகிறது. பத்து வயதில் நானும் அங்கேயே நின்றுவிட்டேன்.

அத்தை இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அந்த இடம் வரும்போது இப்போதும் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல்தான் பாடம் நடத்துகிறேன்.