அம்மாவின் முட்டியும் பேக்கர் கட்டியும்

குருபரப்பள்ளியில தக்காளி போடற எங்க அம்மாவுக்கு முட்டிக்குப் பின்னாடி எலுமிச்சம்பழ சைஸ்ல வீக்கம். ஸ்கேன்ல ‘பேக்கர்ஸ் சிஸ்ட்’னு வந்துச்சு. 1877-ல் இதைப்பத்தி எழுதின லண்டன் சர்ஜன் வில்லியம் மாரண்ட் பேக்கரோட பேர். புற்று இல்லை மக்களே. மூட்டுத் தேய்மானத்தால அதிகமா ஊறுற நீர், ஒருவழி வால்வு வழியா போற மாதிரி பின்பக்கம் போய்த் தேங்குது.

“அறுத்து எடுத்துடச் சொல்லுடா, நாத்து நடணும்” - இது அம்மா. ஊசியால உறிஞ்சலாம், ஆபரேஷனும் பண்ணலாம், ஆனா மூட்டைக் கவனிக்கலைன்னா திரும்ப வரலாம் - இது டாக்டர். பொட்டி தட்டுறவங்க பாஷையில, பக்கை விட்டுட்டு எரர் மெசேஜை மட்டும் அழிக்கிற வேலை :-)

அதனால இப்போதைக்குக் கத்தி வேணாம். மூணு மாசம் தொடைத் தசைக்குப் பயிற்சி, குத்துக்கால் போட்டு உக்காரக்கூடாது. திடீர்னு கெண்டைக்கால் வீங்கி வலிச்சா மட்டும் உடனே ஆஸ்பத்திரி. கட்டி உடைஞ்சிருக்கா, ரத்தம் உறைஞ்சிருக்கான்னு பார்த்தாகணும்.

அம்மாவுக்குத்தான் கோபம். களையெடுக்க ஆள் கூலி யார் தர்றதாம்? வேற யாரு, நான்தான்!