பார்த்தும் சொல்லாத எண்

பங்குச் சந்தையில் பணம் விட்டவர்கள் 'தெரியாமல் மாட்டிக்கொண்டேன்' என்பார்கள். நான் அப்படிச் சொன்னால் அது பொய். தெரிந்தேதான் இறங்கினேன், தெரிந்தே இன்னொருவரையும் இறக்கினேன்.

பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு நிறுவனமும் காலாண்டு முடிந்த 21 நாட்களுக்குள், தன் பங்குகள் யார் கையில் எவ்வளவு இருக்கின்றன என்று சந்தைக்குச் சொல்லியாக வேண்டும். நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் புரொமோட்டர் குடும்பம், மியூச்சுவல் ஃபண்டுகள், இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள், வெளிநாட்டு முதலீட்டாளர்கள், கடைசியில் நம்மைப் போன்ற சில்லறைக் கூட்டம். புரொமோட்டர் வரியில் ஒரு கட்டம் உண்டு: அவர் பங்குகளில் எத்தனை சதவீதம் அடமானத்தில் இருக்கிறது என்பது. அது சும்மா வந்த கட்டம் அல்ல. சத்யம் கம்ப்யூட்டர்ஸின் நிறுவனர் ராமலிங்க ராஜுவின் குடும்பம் பங்குகளை அடகு வைத்துக் கடன் வாங்கியிருந்தது. கடன் கொடுத்தவர்கள் அவற்றை விற்றுத் தள்ளியது வெளியே தெரிவதற்குள் காரியம் கைமீறிவிட்டது. ராஜு தன் கணக்கு மோசடியை ஒப்புக்கொண்ட 2009 ஜனவரியிலேயே, அடமானத்தை வெளியிடுவதைச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி கட்டாயமாக்கியது.

யெஸ் பேங்க் கதையும் எனக்கு அத்துப்படி. அதன் புரொமோட்டர் ராணா கபூர் 2018 செப்டம்பரில் தன் பங்குகளை வைரம் என்றார், விற்கவே மாட்டேன் என்றார். 2019 நவம்பரில் அவர் கையில் மிஞ்சியது 900 பங்குகள். 2020 மார்ச்சில் ரிசர்வ் வங்கி தலையிட்டது. 100 பங்குகளோ அதற்கு மேலோ வைத்திருந்தவர்களின் கையிருப்பில் 75 சதவீதம் மூன்று வருடங்களுக்கு முடக்கப்பட்டது. இதையெல்லாம் டீக்கடையில் நின்று மற்றவர்களுக்கு வகுப்பெடுத்தவன் நான்.

அதற்குப் பிறகுதான் ஒரு நடுத்தர நிறுவனத்தின் (பெயர் வேண்டாம்) பங்குகளை வாங்கினேன். புரொமோட்டரிடம் பாதிக்கு மேல். அதில் பெரும்பகுதி அடமானத்தில். இரண்டு எண்களையும் பார்த்தேன். பார்த்துவிட்டு, 'தொழிலை விரிவாக்கக் கடன் வாங்கியிருப்பார்' என்று அந்த மனிதருக்காக நானே வாதாடினேன். அவர் என்னை வக்கீலாக வைக்கவில்லை.

என்னை மயக்கியது வேறொரு வரி. 1 சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பவர்களின் பெயர் தனியாக வரும். அதில் பெரிய மியூச்சுவல் ஃபண்ட் ஒன்று இருந்தது. அவ்வளவு படித்தவர்கள் கணக்குப் போடாமலா வாங்குவார்கள் என்று, யோசிக்கும் வேலையை அவர்களிடமே விட்டுவிட்டேன். நிறுவனத்தில் 1 சதவீதம் என்பது அந்த ஃபண்டின் மொத்தப் பணத்தில் தூசு. என் சேமிப்பிலோ நான் போட்டது பாதி. அவர்களுக்குத் தவறினால் அறிக்கையில் ஒரு வரி குறையும். இன்டெக்ஸ் ஃபண்டாக இருந்தால் அதுவும் இல்லை. குறியீட்டில் இருக்கிறது, அதனால் வாங்குகிறது. போதாக்குறைக்கு, ஜூன் 30 நிலவரத்தை நான் ஆகஸ்டில் படித்துக்கொண்டிருந்தேன்.

  

என் மைத்துனன் கேட்டான்: "அத்தான், இது தேறுமா?"

"புரொமோட்டரே பாதிக்கு மேல வச்சிருக்கார். பயப்படாதே."

அடமானத்தைச் சொல்லவில்லை. சொன்னால் வாங்கமாட்டான். அவன் வாங்காவிட்டால் என் கெட்டிக்காரத்தனத்துக்குச் சாட்சி இல்லை. எனக்கு இதில் ஒரு பைசா கமிஷன் கிடையாது, பெருமை மட்டும்தான். அவனும் வாங்கினான்.

அடுத்த காலாண்டில் அடமானம் ஏறியிருந்தது, ஃபண்டின் பெயர் பட்டியலில் இல்லை. இம்முறை வாதாடவில்லை, கொஞ்சம் நட்டத்தோடு சத்தமில்லாமல் விற்றுவிட்டேன். அந்த வாரம் மைத்துனன் வீட்டுக்கு வந்தான். சாப்பிட்டான், குழந்தைகளோடு விளையாடினான், போனான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'வாங்கு' என்று அவ்வளவு தெம்பாகச் சொன்ன வாயால் 'வித்துடு' என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நிறுவனத்தின் உள்ளே இருப்பவர்கள் ஒரு காலாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் விற்றால் இரண்டு வர்த்தக நாட்களில் தெரிவிக்க வேண்டும் என்பது செபி விதி. நான் உள்ளாள் இல்லையே, எனக்கென்ன கட்டாயம் என்றுகூட நினைத்துப் பார்த்தேன்.

சில வாரங்களில் கடன் கொடுத்தவர்கள் அடமானப் பங்குகளை விற்கத் தொடங்கினார்கள். தினமும் லோயர் சர்க்யூட், அதாவது ஒரு நாளில் விலை விழ அனுமதிக்கப்பட்ட எல்லை வரை சரிவு. விற்க ஆள் உண்டு, வாங்க ஆள் இல்லை. மைத்துனன் போன் செய்தான். "விடுங்க அத்தான், ரெண்டு பேரும் சேர்ந்துதானே மாட்டினோம்" என்று எனக்கு ஆறுதல் சொன்னான். நான் "ஆமாம்" என்றேன்.

அந்தப் பங்குகள் இன்னும் அவன் டீமேட் கணக்கில் கிடக்கின்றன. நான் முன்பே விற்றுவிட்டது அவனுக்குத் தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துவிடும்.